புகைபோக்கிகள் வரைந்த வானக்கோடு

கும்மிடிப்பூண்டி மின்ரயில் எண்ணூரைத் தாண்டியதும் வலப்பக்கச் சன்னல் வழியே வானம் மாறத் தொடங்குகிறது. முதலில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புகைபோக்கிகள். அவற்றின் பக்கத்தில் இடை சிறுத்த குளிர்விப்புக் கோபுரங்கள். இன்னும் கிழக்கே துறைமுகப் பளுதூக்கிகள் கழுத்தை நீட்டி நிற்கும். அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர் என்று நிலையங்கள் கடக்கக் கடக்க இந்த உருவங்கள் ஒன்றுக்குப் பின் ஒன்று மறைந்தும் விலகியும் வரிசை மாறுகின்றன. பொன்னேரிக்கு அப்பால் நெல்வயலும் பனையும் மீளும். கவரைப்பேட்டையை விட்டதும் சிப்காட் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளும் சிம்னிகளும் வந்துவிடும். மேற்கே, நாள் தெளிவாக இருந்தால், ஆந்திர எல்லையிலுள்ள நாகலாபுரம் மலைகள் நீலமாகத் தெரியும்.

வானளாவிகளின் அழகைப் பற்றிப் பேசும்போது நம் மனம் உடனே நியூயார்க்குக்கோ துபாய்க்கோ கோலாலம்பூருக்கோ போய்விடுகிறது. சென்னைக்குள் என்றால் பழைய மாமல்லபுரம் சாலை. திருவள்ளூர் மாவட்டத்தின் பெயர் அந்தப் பேச்சில் வருவதில்லை. ஆனால் உயரம் என்பதை மீட்டரில் அளந்தால் கணக்கே வேறு. எழும்பூரிலோ எகாட்டூரிலோ பெரம்பூரிலோ நிற்கும் எந்த அடுக்குமாடியும் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் பெரிய புகைபோக்கிகளுக்குப் பக்கத்தில்கூட வராது. எகாட்டூரின் 45 மாடிக் குடியிருப்பின் உயரம் ஏறக்குறைய 160 மீட்டர். பெரிய புகைபோக்கியின் உயரம் 275 மீட்டர். மாடிக் கணக்கில் சொன்னால் எண்பதை நெருங்கும். அந்த உயரத்தில் ஒருவரும் குடியிருக்கவில்லை, ஓர் அலுவலகமும் இல்லை, எந்தக் கட்டடக் கலைஞரின் கையெழுத்தும் இல்லை. இருந்தும் பல லட்சம் பேர் அன்றாடம் பார்க்கும் வானக்கோடு இதுதான். இதை அழகியலின் கண்ணால் பார்க்க முடியுமா, பார்க்கலாமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

உயர்ந்த கட்டடம் அழகாக இருப்பது எப்படி என்ற விவாதம் 1896 முதல் ஒழுங்காக நடந்துவருகிறது. அந்த ஆண்டில் சிகாகோவின் லூயி சல்லிவன் எழுதிய கட்டுரை, உயரமான அலுவலகக் கட்டடம் தன் உயரத்தை மறைக்காமல் பெருமையோடு காட்ட வேண்டும் என்றது. கிரேக்கத் தூண்களையும் ரோமானிய வளைவுகளையும் அடுக்கி மூடுவதை அவர் வெறுத்தார். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு, டாக்கா பகுதியில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய ஃபஸ்லுர் கான் என்ற பொறியாளர், கட்டடத்தின் புறச்சுவரையே ஒரு குழாய்போல எடைதாங்கவும் காற்றைத் தாங்கவும் வைத்து, அத்தகைய குழாய்களின் கட்டாக 442 மீட்டர் சியர்ஸ் கோபுரத்தை 1973இல் நிறைவேற்றினார். அங்கே கட்டமைப்பே அழகு. இரண்டாவது ஒரு விவாதமும் கூடவே நடந்தது. ஒரு கட்டடம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எல்லாம் சேர்ந்து வானத்தில் எந்தக் கோட்டை இழுக்கின்றன என்பது முக்கியம் என்றது அது. பாரிஸில் 210 மீட்டர் மோன்பர்நாஸ் கோபுரம் 1973இல் எழுந்ததும் நகரத்தார் கொதித்ததால், 1977இல் அங்கே கடும் உயரக் கட்டுப்பாடு வந்தது. லண்டனில் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் மறையக் கூடாது என்று 1930களிலிருந்தே உயர வரம்பு உண்டு.

இரண்டாவது விவாதம் நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் ஓர் ஊரின் வானக்கோட்டை நெடுங்காலம் ஒரே உருவம் ஆண்டது, அது கோபுரம். கோபுரத்தின் நுட்பம் அதன் உயரத்தில் மட்டும் இல்லை. கல்லால் ஆன கனத்த அடித்தளம், அதன்மேல் செங்கல்லும் சுதையுமாகச் சிறுத்துக்கொண்டே போகும் நிலைகள், முடிவில் வண்டிக்கூண்டு போன்ற சாலை வடிவ உச்சி, அதன்மேல் கலசங்கள். சிறுத்துப் போவதால் எடை குறைகிறது, கண்ணுக்கு உயரம் கூடுகிறது. தொலைவிலிருந்து வெறும் வெட்டுருவமாகத் தெரியும் கோபுரம், கிட்டே வரவரச் சிற்பங்களாக அவிழும். ஊருக்குள் வருபவர் எங்கே நின்றாலும் பார்வைக்கு ஏதோ ஒன்று கிடைக்கும். ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் பல நூற்றாண்டு மொட்டைக் கோபுரமாக நின்றுவிட்டு, 1987இல் 236 அடியில் 13 நிலைகளோடு நிறைவுபெற்றபோது, இருபதாம் நூற்றாண்டின் கட்டுமானம் பழைய இலக்கணத்துக்குள்ளேயே நின்றது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அது எவ்வளவு மீறப்படுகிறது என்பது நீதிமன்றம்வரை போன கதை. ஆனாலும் வானம் பொதுச்சொத்து, அதை மறைக்க ஒரு வீட்டுக்காரருக்கு முழு உரிமை இல்லை என்ற கருத்து நம் சட்டத்திலும் இருக்கிறது என்பதற்கு அது சான்று.

சென்னை இந்த இலக்கணத்திலிருந்து வெளியே வந்த நாள் 1959இல், அண்ணா சாலை எல்ஐசி கட்டடத்தோடு வந்தது. செட்டிநாட்டு வணிகர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் காப்பீட்டு நிறுவனம் தொடங்கி, காப்பீடு தேசியமயமான பிறகு எல்ஐசி முடித்த 14 மாடிகள். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இந்தியாவிலேயே உயரமானது. கிராமத்திலிருந்து பட்டணம் வந்த கதாநாயகன் அண்ணாந்து பார்க்கும் காட்சியாக அது நம் திரைப்படங்களில் நிலைத்துவிட்டது. அந்த அண்ணாந்த பார்வையில் வியப்பு இருந்தது. எல்ஐசிக்குப் பிறகு நகரம் உயர்ந்தபோது அந்த வியப்பு திரும்பவில்லை என்பது என் எண்ணம். நம் கட்டட விதிகள் உயரம் கூடக்கூடச் சுற்றிலும் விட வேண்டிய காலியிடத்தையும் கூட்டச் சொல்கின்றன. காற்றுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் அது தேவை. விளைவாக ஒவ்வோர் அடுக்குமாடியும் தன் மதிலுக்குள் தனியாக நிற்கிறது. பக்கத்துக் கட்டடத்தோடு அதற்குப் பேச்சுவார்த்தையே இல்லை. கூடி ஒரு கோடாக ஆவதில்லை.

இப்போது வடக்கே திரும்புவோம். அங்கே வானக்கோட்டை வரைந்தவர் யார் என்று கேட்டால் வியப்பான விடை கிடைக்கும். ஒரு சூத்திரம் வரைந்தது. அனல்மின் நிலையங்களின் புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் விதிகள் சொல்கின்றன. ஓர் அலகின் திறன் 500 மெகாவாட் அல்லது அதற்கு மேல் என்றால் 275 மீட்டர். 200 மெகாவாட்டிலிருந்து 500க்குள் என்றால் 220 மீட்டர். அதற்கும் சிறியவற்றுக்கு, மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்ஸைடு வெளியேறும் என்ற எண்ணை 0.3 அடுக்குக்கு உயர்த்தி 14ஆல் பெருக்க வேண்டும். வடசென்னை நிலையத்தின் முதல் கட்டத்தில் 1990களில் வந்த மூன்று அலகுகளும் 210 மெகாவாட். இரண்டாம் கட்டத்தில் 2010களில் வந்த இரண்டும் 600. தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் கூட்டாக நடத்தும் வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் மூன்று. ஆக, மீஞ்சூர்க்காரர் தன் மொட்டைமாடியிலிருந்து பார்க்கும் குட்டைப் புகைபோக்கிக்கும் நெட்டைப் புகைபோக்கிக்கும் உள்ள வேறுபாடு ஒரு வடிவமைப்பாளரின் ரசனையால் வந்ததல்ல. எந்த ஆண்டில் எந்தத் திறன் அலகு வாங்கப்பட்டது என்ற வரலாறு அப்படியே வானத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த உயரம் எதற்காக? புகையைக் கழுவுவதற்காக இல்லை, தொலைவுக்கு அனுப்புவதற்காக. உயரே விட்டால் காற்று அதை அகலமாகப் பரப்பி, தரைக்கு வருவதற்குள் செறிவைக் குறைத்துவிடும் என்பது கணக்கு. பகலில் கடற்காற்று உள்நாட்டை நோக்கி அடிக்கும் கரையில் அந்தத் தொலைவு என்பது இன்னொரு ஊர். கந்தகத்தைக் கழுவி எடுக்கும் கருவியைப் பொருத்தினால் இத்தனை உயரம் வேண்டாம் என்று பின்னர் விதிகளே திருத்தப்பட்டன. இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சல்லிவனுக்கு உயரம் ஒரு பெருமிதம், கோபுரம் கட்டியவருக்கு ஒரு வணக்கம். இங்கே உயரம், செய்யாமல் விட்ட ஒரு வேலையின் அளவு. காற்றைச் சுத்தம் செய்திருந்தால் வானக்கோடு தணிந்திருக்கும். புகைபோக்கியை அழகு என்று சொல்ல வருபவர் இந்தக் கணக்கைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆனால் அழகு இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. புகைபோக்கியின் கான்கிரீட் சுவரை, அச்சுப் பலகையை மெதுவாக மேலே நகர்த்திக்கொண்டே இரவும் பகலும் நிறுத்தாமல் வார்த்து ஏற்றுவார்கள். அடி அகன்று, உச்சிநோக்கி மிக மெல்லச் சிறுக்கும் அந்தக் கோட்டில் எங்கும் தடுமாற்றம் இல்லை. விமானங்களுக்கு எச்சரிக்கையாகப் பூசும் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் அந்தச் சிறுத்தலைக் கண்ணுக்கு எண்ணிக்காட்டுகின்றன. கோபுரத்தின் நிலைகள் செய்த வேலையைத்தான் இந்தப் பட்டைகளும் செய்கின்றன. பட்டையே இல்லாத வெறும் சாம்பல்நிறப் புகைபோக்கியின் உயரத்தைக் கண்ணால் கணிப்பது கடினம்.

குளிர்விப்புக் கோபுரம் இன்னும் பெரிய அதிசயம். அதன் உடுக்கை வடிவத்தை யாரும் அழகுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. நெதர்லாந்தின் ஹேர்லன் நகருக்கருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஃபான் இடர்சன், கைபர்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 1918இல் முதன்முதலாக இப்படி ஒன்றைக் கான்கிரீட்டில் எழுப்பினார்கள். கீழே அகலமாக இருந்தால் சூடான நீரைத் தெளித்துக் குளிர்விக்க நிறைய பரப்புக் கிடைக்கும். வெப்பமான ஈரக்காற்று தானாகவே மேலெழும், விசிறி தேவையில்லை. இரண்டு திசையிலும் வளைந்த ஓடு என்பதால் நூறு மீட்டரைத் தாண்டிய உயரத்துக்கும் 20 சென்டிமீட்டர் அளவிலான சுவர் பல இடங்களில் போதும். இத்தனை வளைவும் நேர்கோடுகளால் ஆனது என்பது அதன் உள்ரகசியம். சாய்ந்த நேர்கோடுகளை வட்டமாகச் சுற்றி நிறுத்தினாலே இந்த உருவம் வந்துவிடும். ருஷ்யாவின் விளாதிமிர் ஷுஹோவ் அதை இரும்புச் சட்டங்களால் 1896லேயே ஒரு நீர்க்கோபுரத்தில் செய்துகாட்டினார்.

ஒரு கோபுரம் தனியாக நிற்பதும் கூட்டமாக நிற்பதும் ஒன்றில்லை என்பதை இந்த வடிவமே கற்றுத் தந்தது. இங்கிலாந்தின் ஃபெரிபிரிட்ஜ் நிலையத்தில் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்களில் மூன்று 1965 நவம்பர் 1 அன்று காற்றில் இடிந்து விழுந்தன. முன்வரிசைக் கோபுரங்களுக்கிடையே புகுந்த காற்று சுழன்று பின்வரிசையை உலுக்கியதுதான் காரணங்களில் முதன்மையானது. ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டவர்கள் கூட்டத்தைக் கணக்கிடவில்லை. நகர வானக்கோட்டை ஆராய்பவர்கள் இந்தச் சம்பவத்தைப் படிக்க வேண்டும். கட்டடங்கள் பக்கத்தில் நிற்பதாலேயே ஒன்றின்மீது ஒன்று வேலை செய்கின்றன, காற்றிலும் சரி, பார்வையிலும் சரி.

இத்தகைய உருவங்களைக் கலையாகப் பார்க்கச் சொன்னவர்கள் ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதியர். நீர்த்தொட்டிகள், ஊதுலைகள், குளிர்விப்புக் கோபுரங்கள் என்று வகைவகையாக, மேகமூட்டமான வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படமெடுத்து வரிசையாக அடுக்கினார்கள். 1990இல் வெனிஸ் கலைவிழா அவர்களுக்குச் சிற்பத்துக்கான தங்கச் சிங்க விருதைத் தந்தது, புகைப்படத்துக்கு இல்லை. எஸ்ஸன் நகரின் ட்ஸோல்ஃபெராயின் சுரங்க வளாகம் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. லண்டனில் நான்கு வெள்ளைப் புகைபோக்கிகளோடு நின்ற பாட்டர்ஸீ மின்நிலையம் 1983இல் ஓய்வுபெற்று, நெடுங்காலம் கூரையின்றிக் கிடந்து, 2022இல் கடைகளும் வீடுகளுமாகத் திறந்தது. இங்கிலாந்தின் டிட்காட் மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களை 2014இலும் 2019இலும் வெடிவைத்துத் தகர்த்தபோது அவற்றோடு வளர்ந்தவர்கள் கூடிநின்று கண்கலங்கினார்கள்.

நமக்கும் அப்படி ஒரு தருணம் வந்தது. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம், 450 மெகாவாட், 2017 மார்ச்சில் மூடப்பட்டது. தமிழ்நாட்டின் தொழில்மயத்தில் அதற்கு நீங்காத இடம் உண்டு. மூடிய பிறகு பழைய நிலையத்தை அகற்றும் வேலை நடந்தது. அதன் ஒரு கொதிகலன் கூடத்தையோ ஒரு புகைபோக்கியையோ நிறுத்திவைத்து, வடசென்னையின் உழைப்பு வரலாற்றுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைக்கலாமா என்ற கேள்வி பொதுவெளியில் எழுந்ததாக நான் அறியவில்லை. இது என் ஆற்றாமை. பின்னி ஆலைகள் இருந்த பெரம்பூர் நிலத்தில் இன்று நாற்பது மாடிகளைத் தாண்டிய குடியிருப்புகள் எழுகின்றன. தொழிற்சங்க இயக்கம் பிறந்த இடம் அது என்று அவற்றின் நிழலில் நிற்பவருக்குச் சொல்ல ஒரு சுவர்கூட உயரமாக மிச்சமில்லை.

இருந்தாலும், பெஹர் தம்பதியரின் கண்ணை அப்படியே இங்கே பொருத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களுடைய படங்களில் மனிதர் இல்லை. அவர்கள் எடுத்தவற்றில் பல, வேலை ஓய்ந்துகொண்டிருந்த இடங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் நின்று பார்ப்பவருக்கு இந்த வானக்கோடு வேலை செய்துகொண்டிருக்கும் ஒன்று. அதன் காலடியில் கொசஸ்தலையாறு. ஆற்றில் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்த சேறு. இறால் பிடித்த இடம் மேடாகிப் படகு தட்டும். தென்னிந்தியாவின் மிகச் சிறந்த தொழிற்சாலைக் காட்சி என்று புகைப்படக்காரர்கள் தேடிவரும் கோணம், படகின் முனையில் நிற்கும் மீனவரும் அவருக்குப் பின்னே குளிர்விப்புக் கோபுரமும். அந்தப் படத்தில் மீனவர் அளவுகோலாகிவிடுகிறார். 2017 தொடக்கத்தில் டி.எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த சென்னைப் புறம்போக்குப் பாடலின் காட்சிகளை இதே நிலத்தில் எடுத்தவர்கள் வேறொன்று செய்தார்கள். கோபுரங்களைப் பின்னணியாக வைத்தபடியே, நிலம் யாருடையது என்ற கேள்வியை முன்னால் நிறுத்தினார்கள். ஒரே காட்சி, நிற்கும் இடத்தால் மாறிவிட்டது.

கடலிலிருந்து பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும். கரையோர மீனவர்கள் கரையின் உயர்ந்த அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்வைத்துத் தங்கள் இடத்தைக் கணிப்பது நெடுங்காலப் பழக்கம். மலை, பனந்தோப்பு, கோபுரம், பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கம் என்ற அந்த வரிசையில் புகைபோக்கியும் சேர்வது இயல்பு. தன் மீனைக் கெடுத்த ஒன்றையே திசைக்கு நம்பி வீடு திரும்ப நேரும் வாழ்க்கை அது. அழகியல் பேசும் எவரும் இந்த உறவை எளிமையாக்கிவிடக் கூடாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வேறு ஜாதி வானக்கோடு. இங்கே உயரம் குறைவு, பரப்பு அதிகம். இரும்பை உருக்கும் பர்னஸ்களும் ரோலிங் மில்களும் நீளநீளமான ஷெட்களுக்குள் இருக்கின்றன. கூரையில் வெப்பம் வெளியேற ஒரு சிறு மேல்கூரை. ஓரத்தில் முப்பது மீட்டர் அளவுச் சிம்னி, அதற்குக் கீழே தூசியைப் பிடிக்கும் பைவடிகட்டிகள். பழைய ஆலைகளின் ரம்பப்பல் கூரை வடக்கு வெளிச்சத்தை உள்ளே விட்டதால், வெளியிலிருந்து ஒரு தாளமாகவும் தெரிந்தது. இப்போது வரும் ஆயத்தத் தகரக் கட்டடங்களுக்கு அந்தத் தாளம் இல்லை. ஆலை எது, கிடங்கு எது, குளிர்பதனக் கூடம் எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்டாத கட்டடம் சல்லிவனின் கண்ணில் பொய் சொல்லும் கட்டடம். உயர் அழுத்த மின்கோபுரங்கள்தான் இந்தப் பக்கத்தின் உண்மையான அழகு என்று நினைக்கிறேன். வயல்களின் மேலே கம்பிகளைத் தோளில் தாங்கி வரிசையாக நடந்துபோகும் அவை, தாம் செய்யும் வேலையைத் தவிர வேறெதையும் காட்டுவதில்லை.

இனி வருவது என்ன? சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிக்க 2022இல் ஆணை வந்தது. மீஞ்சூர், திருமழிசை, திருவள்ளூர் ஆகியவற்றுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. நிலப்பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடாக, 2019 விதிகள் சாதாரணக் கட்டடத்துக்கு 2ஐயும், அகலச் சாலையில் எழும் உயரக் கட்டடத்துக்கு 3.25ஐயும் அனுமதிக்கின்றன. இன்று புகைபோக்கி மட்டும் நிற்கும் வானத்தில் நாளை அடுக்குமாடிகள் எழும், பெரும்பாலும் மதிலுக்குள் தனித்தனியாக. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாள் கோயில் கோபுரமும் அதன் குளமும் சேர்ந்து காட்டும் காட்சியைக் காக்க, மதுரையைப் போல ஒரு வட்டத்தை இப்போதே, நிலவிலை ஏறும் முன், வரைந்துவிடலாம். ஏறிய பிறகு வரைந்தால் என்ன ஆகும் என்பதையும் மதுரையே காட்டியிருக்கிறது.

புதுநகர்த் திட்டங்களில் சாலைக்கும் குடிநீருக்கும் வடிகாலுக்கும் வரைபடம் இருக்கும். பார்வைக்கும் ஒரு வரைபடம் வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்த இடத்திலிருந்து எது தெரிய வேண்டும் என்று சொல்லும் வரைபடம். மீஞ்சூர்ச் சந்தையிலிருந்து மேற்குமலை, பொன்னேரி ரயில் நிலையத்திலிருந்து ஆரணியாற்றுப் பக்கத்து வெட்டவெளி, பழவேற்காடு ஏரியின் தென்கரையிலிருந்து வடக்கே தடையற்ற நீர். அந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. தாழ்ந்து விரிந்த அந்தத் தொடுவானத்தில் ஓர் உயரக் கட்டடம் எழுந்தால், நூறு கட்டடங்களுக்கு நடுவே எழும் ஒன்றைவிட அது பலமடங்கு பெரிதாகத் தெரியும். எனவே அங்கே எதுவும் உயர வேண்டாம் என்று முடிவெடுப்பதும் வடிவமைப்புதான். மாறாக, அத்திப்பட்டிலும் வல்லூரிலும் ஏற்கெனவே உயரங்கள் கூடி நிற்கின்றன. நிலையங்கள் ஓய்வுபெறும் நாளில் எதை நிறுத்திவைப்பது, எதை அகற்றுவது என்ற பட்டியலை இப்போதே, காட்டுக்குப்பத்தாரையும் ஆலைத் தொழிலாளரையும் உட்காரவைத்துத் தயாரிக்க வேண்டும். முகத்துவாரக் குப்பத்துப் பெண்கள் ஒரு புகைபோக்கிகூட மிஞ்சக் கூடாது என்று சொன்னால், கட்டடக்கலை மாணவர்களின் வாதத்தைவிட அதற்கு எடை அதிகம். ஓய்வுபெற்ற மின்நிலைய ஊழியர் ஒருவர் தான் வார்த்த கான்கிரீட் நிற்க வேண்டும் என்று கேட்டால், அதையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.